குழலின் அடியில் எழுதியிருப்பது

பர்மிங்காம் நகரின் நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே நடந்தால், பழைய கால்வாய்களும் ரயில் பாலங்களும் பின்னிக் கிடக்கும் டிக்பெத் பகுதியின் ஓரத்தில் பான்பரி தெரு வருகிறது. அங்கே ஒரு செங்கல் கட்டடம். அதன் முகப்பில் ஆயுதங்களும் கொடிகளும் குவிந்த சிற்பம். 1813இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவான துப்பாக்கிக் குழல் சோதனைச் சாலை இது. அருகே ரயில் பாதைகள் கூடும் இடத்துக்குக்கூட இதன் பெயரால் ‘புரூஃப் ஹவுஸ் ஜங்ஷன்’ என்றே பெயர். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் உள்ளே அதே வேலைதான் நடக்கிறது: துப்பாக்கியில் வழக்கத்தைவிட வலிய தோட்டாவைப் போட்டு வெடித்துப் பார்ப்பது, தாங்கினால் முத்திரை குத்துவது. களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகுவதற்காக முதன்முதலில் ஒரு பழைய ஷாட்கன் வாங்க நினைப்பவருக்கு இந்தக் கட்டடத்தைவிட நல்ல தொடக்கம் இல்லை. பழைய துப்பாக்கியை விற்பவர் முதலில் காட்டுவது தயாரிப்பாளரின் பெயரை, அடுத்து வெள்ளிபோல் மின்னும் செதுக்கு வேலையை, அதன் பிறகு வாதுமைக் கட்டையின் வரிகளை. இந்த மூன்றில் எதுவும் அந்தத் துப்பாக்கி பத்திரமானதா, வாங்குபவருக்குப் பொருந்துமா என்று சொல்வதில்லை. அதைச் சொல்பவை வேறு மூன்று: குழலின் அடியில் உள்ள முத்திரை, அந்த முத்திரை இன்றும் உண்மைதானா என்று காட்டும் அளவு, துப்பாக்கியைத் தோளில் ஏந்தும் உடம்பு. இந்த வரிசையில் பார்த்து வாங்கினால் முதல் துப்பாக்கி பழையதாக இருப்பதே நல்லது. வரிசையை மாற்றினால் புதியதும் வீண்.

முத்திரைக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதைப் புரிந்துகொள்ள, நகரின் வடபுறம் உள்ள ‘கன் குவார்ட்டர்’ வரை நடக்க வேண்டும். ஸ்டீல்ஹவுஸ் லேன், லவ்டே தெரு, பிரைஸ் தெரு என்று இன்றும் பெயர்கள் நிற்கின்றன. 1960களில் போட்ட உள்வட்டச் சாலை அந்தப் பேட்டையின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஒரு துப்பாக்கி ஒரே பட்டறையில் உருவாகவில்லை. குழல் அடிப்பவர், குழலை அராவுபவர், பூட்டு செய்பவர், கட்டை இழைப்பவர், செதுக்குபவர் என்று சந்துக்குச் சந்து கைமாறி, கடைசியில்தான் ஒரு பெயர் அதன்மேல் ஏறியது. அந்தப் பெயருக்குரியவர் அதன் பாதிப் பாகங்களைத் தொட்டுக்கூட இருக்க மாட்டார். இப்படிப் பல கைகள் சேர்ந்த பொருளுக்கு யார் பொறுப்பு? பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்க வணிகத்துக்கென்று இந்த ஊரிலிருந்து மலிவான துப்பாக்கிகள் ஏராளமாகப் போயின. அடிமை வணிகத்தில் அவை பண்டமாற்றுப் பொருளாகவும் இருந்தன. அவற்றில் மட்டமானவை சுடுபவரின் கையிலேயே வெடித்தன என்ற புகார் அன்றே எழுந்தது. லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637இலேயே அரச சாசனம் பெற்றுக் குழல்களைச் சோதித்துவந்தது. பர்மிங்காம் தன் பெயரைக் காத்துக்கொள்ளத் தனக்கென ஒரு சோதனைச் சாலையைப் பெற்றுக்கொண்டது. ஆக, தயாரிப்பாளரின் பெயர் மட்டும் போதாது என்ற அனுபவத்திலிருந்துதான் முத்திரை பிறந்தது. இன்று கடையில் பெயரைக் கண்டு மயங்குபவர், இந்த ஊர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே திருத்திக்கொண்ட தவற்றை மறுபடி செய்கிறார்.

முத்திரையைப் படிப்பது கடினமல்ல. முதலில் துப்பாக்கியைத் திறந்து தோட்டா இல்லை என்று பார்க்க வேண்டும். பிறகு முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைப் பிரித்துத் திருப்பினால், அறைகளுக்குக் கீழே தட்டையான பகுதியில் சிறு குறிகள் தெரியும். கிரீடத்தின் கீழ் ‘பிஎன்பி’ என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் பர்மிங்காமில் நவீன, புகையற்ற வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று பொருள். அருகிலேயே குழலின் உள்விட்டமும் தோட்டா அறையின் நீளமும் இருக்கும். 12 போர் என்ற அளவில் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 சம உருண்டைகள் செய்தால் ஓர் உருண்டையின் குறுக்களவு எதுவோ அதுவே இந்த விட்டம். அறை 65 மில்லிமீட்டரா, 70ஆ, 76ஆ என்பது உயிர்போகும் விஷயம், ஏனென்றால் அறையைவிட நீளமான தோட்டா வெடித்து விரியும்போது அதன் வாய் குறுகலான பகுதிக்குள் புகுந்து அழுத்தத்தை ஏற்றிவிடும். இன்றைய 12 போர் துப்பாக்கிகளுக்குச் சாதாரணச் சோதனை 930 பார் அழுத்தத்திலும், உயர்நிலைச் சோதனை 1370 பார் அழுத்தத்திலும் நடக்கிறது. பிரிட்டன் 1980இல் சர்வதேசச் சோதனைக் குழுவான சிஐபியில் சேர்ந்த பிறகு, இத்தாலியிலோ பெல்ஜியத்திலோ குத்திய முத்திரையும் இங்கே செல்லும். அமெரிக்கா அந்தக் குழுவில் இல்லாததால் அங்கிருந்து வரும் துப்பாக்கியை இங்கே சோதித்தாக வேண்டும். சோதிக்கப்படாததை விற்பது குற்றம். ஒரு முழுச் சான்றிதழ் சில சதுர அங்குல இரும்பில் அடங்கிக் கிடக்கிறது. வாங்குபவர்களில் பலர் அதைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை என்பதுதான் வருத்தம்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. முத்திரை என்பது அது குத்தப்பட்ட நாளின் உண்மை மட்டும்தானே, அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளில் அந்தக் குழலுக்கு என்னென்ன நடந்திருக்கும்? சரியான கேள்வி. உள்ளே துரு அரித்த குழிகளை மறைக்கக் குழலைக் குடைந்து பளபளப்பாக்கியிருப்பார்கள். அறையை நீட்டியிருப்பார்கள். வெளிப்புறத்தை அராவியிருப்பார்கள். அதனால்தான் முத்திரையில் விட்டத்தையும் எழுதி வைக்கிறார்கள். எழுதிய அளவுக்கும் இன்று கருவி காட்டும் அளவுக்கும் இடைவெளி வரம்பைத் தாண்டினால் அந்தத் துப்பாக்கி சட்டப்படி ‘சோதனை நீங்கியது’. மறுபடி சோதிக்காமல் அதை விற்க முடியாது. முத்திரை தன் பொய்யைக் கண்டுபிடிக்கும் வழியையும் தானே தருகிறது. நல்ல கடைக்காரரிடம் விட்டமானியும் சுவர்த்தடிப்பு மானியும் இருக்கும். குழலின் சுவர் மிக மெல்லிய இடத்தில் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்குக்குக் கீழே போனால் எச்சரிக்கை தேவை என்பது இந்தத் தொழிலில் பரவலான வழக்கு. அளந்து காட்டத் தயங்கும் கடையை விட்டு வெளியே வருவதே முறை.

கருவி இல்லாமல் கையும் காதும் செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் வழக்கம் நமக்குத் தெரியும். இங்கேயும் பிரித்தெடுத்த குழல்களைக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டுகிறார்கள். மணிபோல் ஒலித்தால் குழல்களை இணைக்கும் பட்டைகளின் பற்றுவைப்பு உறுதி. கரகரத்தால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் நிழல் வளையங்கள் ஒழுங்காகத் தெரிய வேண்டும், வளையம் நெளிந்த இடத்தில் ஒடுக்கு இருக்கிறது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, பூட்டிய குழல்களைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் அசைவே இருக்கக் கூடாது. மேல்-கீழ் குழல் துப்பாக்கியில் திறக்கும் நெம்பு புதிதில் சற்று வலப்பக்கம் நிற்கும், தேயத் தேய நடுவுக்கு வந்து இடப்பக்கம் நகரும். கட்டையின் கழுத்தில் மயிரிழை விரிசல், திருகாணித் தலைகளில் சிதைவு, சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே எறியும் இரண்டு எஜெக்டர்களும் ஒரே நொடியில் துள்ளாமை ஆகியவை முந்தைய உரிமையாளரின் கையை அடையாளம் காட்டும். பழைய கார் வாங்குபவருக்கு எஞ்சினுக்குள் கண் நுழையாது. துப்பாக்கியில் தேய்மானத்துக்குரிய இடங்கள் பெரும்பாலும் கண்ணுக்கும் விரலுக்கும் எட்டுகின்றன. கைமாறிய பொருள்களில் இவ்வளவு வெளிப்படையானது வேறு அரிது.

பர்மிங்காமில் நிற்கும்போது ஓர் ஆசை வருவது இயல்பு. இந்த ஊரின் பழைய பட்டறைகள் செய்த, குழல்கள் அருகருகே அமைந்த துப்பாக்கிகள் அழகானவை. பெயர் பெறாத பட்டறைகளுடையவை வியக்கத்தக்க மலிவாகவும் கிடைக்கின்றன. அவற்றையே முதல் துப்பாக்கியாக வாங்கினால் என்ன? கைவினைக்கு மரியாதை, பைக்குச் சேமிப்பு என்று இரண்டும் நிறைவேறுமே. கைவினையை நேசிப்பவர்கள் எழுப்பும் இந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. ஆனால் அந்தத் துப்பாக்கிகள் வேறு வேலைக்குப் பிறந்தவை. நாள் முழுதும் வயலில் சுமந்து நடந்து, பறவை எழும்போது சில முறை சுடுவதற்காக மூன்று கிலோ அளவில் இலகுவாகச் செய்தார்கள். பலவற்றில் அறை 65 மில்லிமீட்டர்தான். களிமண் தட்டு சுடுபவர் ஒரே காலையில் நூறு தோட்டா சுடுவார். ஒரே தோட்டாவுக்குப் பின்னுதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் அமையும். மூன்று கிலோவிலிருந்து 3.6 கிலோவுக்குப் போனால் உதைப்பு ஆறில் ஒரு பங்கு குறைகிறது. நூறு தோட்டாவுக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால், இலகுவான துப்பாக்கி தொடக்கக்காரருக்குக் கொடுப்பது வலியும், வலியால் வரும் கண்சிமிட்டலும்தான். விசையை அழுத்தும்போது கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடுவிப்பது பெரும்பாடு. பர்மிங்காமின் பழைய அழகிகளை இரண்டாவது துப்பாக்கியாக வாங்கலாம், அப்போது அவற்றின் அருமையும் புரியும்.

அப்படியென்றால் கடையின் தாங்கியில் கை எதன்மேல் போக வேண்டும்? விடை தேடி ஆல்ப்ஸ் மலையின் தெற்குச் சரிவுக்குப் போகலாம். வட இத்தாலியின் பிரெஷா நகரிலிருந்து மெல்லா ஆற்றை ஒட்டி மேலேறும் சாலையில் கார்தோனே வால் திரோம்பியா இருக்கிறது. மேலே மலையில் இரும்புத் தாது, நடுவே ஓடும் தண்ணீர், சுற்றிலும் எரிக்க மரம் என்று மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில் கூடியதால் இங்கே குழல் தொழில் வேரூன்றியது. 1526இல் பார்த்தொலோமேயோ பெரெட்டா வெனிஸ் ஆயுதச் சாலைக்கு 185 குழல்கள் கொடுத்த கணக்கு இன்றும் இருக்கிறது. அவர் வழிவந்த நிறுவனம் அதே ஊரில் இயங்குகிறது. இத்தாலியின் தேசியச் சோதனைச் சாலையும் இங்கேதான். இத்தாலிய முத்திரையில் இன்னொரு வசதி உண்டு: சோதித்த ஆண்டு குறியீடாகக் குத்தப்பட்டிருக்கும். போருக்குப் பின் ரோமன் எண்களாக ஓடிய அந்தக் குறியீடு, 1975இல் ‘ஏஏ’ என்று தொடங்கி இரட்டை எழுத்துகளாக மாறியது. விற்பவர் “பத்து வருடப் பழசு” என்று சொல்வதை அந்த எழுத்துகள் ஆமோதிக்கவோ மறுக்கவோ செய்யும். பெரெட்டாவின் 680 வரிசை, ஜப்பானின் கோச்சி மாவட்டத்தில் மிரோக்கு ஆலை செய்துவரும் பிரவுனிங் துப்பாக்கிகள் ஆகிய இவ்விரு குடும்பங்களும் இங்கிலாந்தின் பழைய துப்பாக்கித் தாங்கிகளில் அதிகம் நிற்பதற்குக் காரணம் உண்டு. பல்லாயிரம் தோட்டாக்களைத் தாங்கும்படி செய்தவை. உதிரிபாகம் கிடைக்கிறது. பழுதுபார்க்கத் தெரிந்தவர் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். செதுக்கு வேலை குறைந்த, எளிய, நடுவயதுத் துப்பாக்கியே முதல் துப்பாக்கி.

அவ்வளவு நல்ல துப்பாக்கி என்றால் புதிதாகவே வாங்கிவிடலாமே, உத்தரவாதமும் கிடைக்குமே என்று கேட்பார்கள். உத்தரவாதம் காப்பது உலோகத்தின் குறையிலிருந்து. தொடக்கக்காரரின் பெரிய ஆபத்து உலோகத்தில் இல்லை, தேர்வில் இருக்கிறது. தனக்கு எந்தச் சுடுதல் பிரிவு பிடிக்கும், குழல் 28 அங்குலம் வேண்டுமா 32 வேண்டுமா, கட்டை எவ்வளவு நீளம் வேண்டும் என்பது ஓராண்டு சுட்ட பிறகுதான் தெரியவரும். புதிய துப்பாக்கி கடை வாசலைத் தாண்டிய உடனே மதிப்பில் பெரும் பங்கை இழக்கிறது. நன்கு பராமரித்த பழையது அந்த இழப்பை முந்தைய உரிமையாளரின் கணக்கில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறது. தேர்வு தவறினால் புதியதை மாற்றுவது பெருநஷ்டம், பழையதை மாற்றுவது சிறு நஷ்டம். மிச்சமாகும் பணத்தைத் தோட்டாவுக்கும் பயிற்சியாளருக்கும் செலவிடுவதே சுடுதிறனை வளர்க்கும். துப்பாக்கி புதிதாக இருப்பதால் ஒரு தட்டும் கூடுதலாக உடைவதில்லை.

மூன்றாவது சாட்சி உடம்பு. அதைக் கேட்க மைதானத்துக்குப் போக வேண்டும். லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் புரூக்வுட் போய் இறங்கினால் பிஸ்லி அருகே. 1890 முதல் பிரிட்டனின் சுடுதல் விளையாட்டுக்குத் தலைமையிடம் அது. 2002 காமன்வெல்த் போட்டியில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் டபுள் ட்ராப் தங்கம் வென்றதும் இங்கேதான். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய ட்ராப் பிரிவு தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமானது. சின்சினாட்டியின் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி 1880இல் காப்புரிமை பெற்ற களிமண் தட்டுதான் உயிர்ப்புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்ட வழக்கத்துக்கு மாற்றாகப் பரவியது. இன்றைய தட்டு 11 சென்டிமீட்டர் குறுக்களவு, ஏறத்தாழ 105 கிராம் எடை. சுண்ணாம்புத் தூளும் தாரும் கலந்து செய்தது, பெயரில் மட்டுமே களிமண். அதை ஷாட்கன்னால் சுடும்போது பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்ணே பின்குறி. கன்னம் கட்டையில் எங்கே பதிகிறதோ அங்கிருந்துதான் கண் பார்க்கும். கட்டை கால் அங்குலம் தாழ்ந்தாலோ உயர்ந்தாலோ ரவைக் கூட்டம் தட்டுக்குக் கீழேயோ மேலேயோ போகும். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஓங்கியிருந்தால் எவ்வளவு விலைகொடுத்தும் தட்டு தப்பிக்கொண்டே இருக்கும். கண்ணாடியும் அளவுநாடாவும் ஓரளவு சொல்லும், முழுவதும் சொல்வது சுட்டுப் பார்த்தல்தான்.

பழைய தாங்கியில் மலிவாகத் தெரியும் இன்னொரு பொறி மைதானத்தில்தான் வெளிப்படும். ட்ராப் பிரிவுக்கென்று செய்த துப்பாக்கிகள் எழுந்து விலகும் தட்டுக்காகச் சற்று உயர்வாகச் சுடும்படி அமைந்தவை. குழல் முனையின் குறுக்கமான சோக்கும் பெரும்பாலும் மாற்ற முடியாதபடி இறுக்கமாக இருக்கும். முழுச் சோக்கில் 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ரவைகளில் 70 விழுக்காடு விழும், கால் சோக்கில் 55. எண்ணிக்கையில் முழுச் சோக் உயர்ந்ததாகத் தோன்றும். ஆனால் தொடக்கக்காரர் சுடுவது 20, 25 கஜத் தட்டுகளை. அங்கே முழுச் சோக்கின் ரவைக் கூட்டம் சிறு பந்தாகவே இருக்கும், சிறு பிழையையும் மன்னிக்காது. மாற்றக்கூடிய சோக் உள்ள துப்பாக்கி ஒரே உடம்பில் பல துப்பாக்கி. பிரிட்டனில் சான்றிதழ் இல்லாதவரும் காவல்துறை அனுமதித்த மைதானத்தில் களிமண் தட்டு சுடலாம் என்பதால், வாங்குவதற்கு முன்பே பல துப்பாக்கிகளைத் தோளில் ஏந்திப் பார்க்க வழி இருக்கிறது. அந்த வழியைத் தவறவிட்டு முதலில் வாங்கிப் பிறகு பொருத்தம் தேடுவது, கால் அளக்காமல் செருப்பு வாங்குவது.

வருங்காலமும் முத்திரையைத் தேடவைக்கிறது. ஈயம் மண்ணையும் பறவைகளையும் நஞ்சாக்குவதால், ஈய ரவைக்குப் பெருமளவில் தடை கொண்டுவருவதாக பிரிட்டிஷ் அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. ஈயத்தின் இடத்துக்கு முதலில் வருவது எஃகு ரவை. எஃகு நசுங்காது, இறுக்கமான சோக்கில் குழலைப் புடைக்கச் செய்யும். சாதாரண எஃகுத் தோட்டாவுக்கு அரைச் சோக்குக்கு மேல் வேண்டாம் என்பது பொது அறிவுரை. வலிய எஃகுத் தோட்டாவுக்கு லில்லிப்பூ வடிவ முத்திரை பெற்ற குழல் வேண்டும். இன்று வாங்கும் துப்பாக்கி பத்தாண்டுக்குப் பிறகும் பயன்படுமா என்ற கேள்விக்கு அந்தச் சிறு பூ விடை சொல்கிறது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது: விளையாட்டுக்காக ஒரு கொலைக்கருவியை வீட்டில் வைக்கத்தான் வேண்டுமா, அதுவும் கைமாற்றில் மலிவாக? பர்மிங்காமுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஸ்டீல்ஹவுஸ் லேனில் துப்பாக்கித் தொழில் நடத்திய போரை எதிர்க்கும் குவேக்கர் சபையைச் சேர்ந்த சாமுவேல் கால்ட்டனை அவர் மதச் சபையே 1795இல் இதற்காகக் கேள்வி கேட்டது. அவர் எழுத்தில் வாதாடியும் சபை அவரை ஏற்கவில்லை. 2021 ஆகஸ்டில் பிளிமத் நகரின் கீஹாம் பகுதியில் உரிமம் பெற்ற ஷாட்கன்னால் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். பறிமுதல் செய்த துப்பாக்கி திருப்பிக் கொடுக்கப்பட்ட பிறகு நடந்தது அது. உரிமம் வழங்குபவரின் ஒரு தவறு எவ்வளவு உயிரைக் கேட்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இந்தக் கவலையைத் தட்டிக்கழிக்க முடியாது, தட்டிக்கழிக்கவும் கூடாது. விளையாட்டை விரும்புபவரே கடுமையான உரிமத்துக்கு முதல் ஆதரவாளராக இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கொரு முறை காவல்துறையின் ஆய்வு, மருத்துவரின் தகவல், பூட்டிய எஃகு அலமாரி, கைமாறிய ஒவ்வொரு முறையும் சான்றிதழில் பதிவு, ஏழு நாளுக்குள் காவல்துறைக்கு அறிவிப்பு ஆகிய அனைத்தும் பழைய துப்பாக்கிக்கும் புதியதற்கும் ஒன்றே. சோதனைச் சாலை குழலைப் பார்க்கிறது, உரிமம் மனிதரைப் பார்க்கிறது. முன்னதில் சமரசம் செய்யாதவர் பின்னதிலும் செய்யக் கூடாது. இரண்டில் ஒன்றைத் தொந்தரவு என்று நினைப்பவருக்கு இந்த விளையாட்டு வேண்டாம் என்பதே நேர்மையான பதில்.

பான்பரி தெருவிலிருந்து மெல்லா ஆற்றங்கரை வரை, அங்கிருந்து பிஸ்லியின் புல்வெளி வரை நீளும் இந்தப் பாதை கடைசியில் ஒரு கடையின் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. விற்பவர் துப்பாக்கியைத் திறந்து வெற்று அறைகளைக் காட்டிக் கையில் கொடுப்பார். அப்போது தோளில் ஏந்தத் துடிக்கும் கையைச் சற்று நிறுத்தி, குழல்களைப் பிரித்துத் தரச் சொல்லி, திருப்பிப் பிடித்து, அங்கே எழுதியிருப்பதை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். பிறகு அளக்கச் சொல்ல வேண்டும். பிறகுதான் தோள்.